கை முந்தியா, கணக்கு முந்தியா

எந்த இன்ஜினியரிங் டிராயிங்கை எடுத்தாலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். அந்தத் தாளைப் பார்த்து இரும்பை வெட்டி, சாணை பிடித்து, டையாக ஆக்குகிறவனுக்கு அங்கே இடம் கிடையாது. வேலைக்காலம் முழுவதையும் கோயம்புத்தூர் டூல் ரூம்களில் கழித்தவன் நான். அப்ரண்டிஸாக உள்ளே போய், அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போடுகிறவனாக வெளியே வந்தேன். அதனால் பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் சொந்தபந்தம் எல்லாம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். "பையனை இன்ஜினியரிங் சேத்தறதுங்களா, இல்ல ஏதாச்சும் கம்பெனியில அப்ரண்டிஸ் உட்டறதுங்களா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

என்னைக் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற காரணம் கொஞ்சம் நீளம்.

நான் பிளஸ் டூ முடித்தது 1985இல். அதற்கு முந்தைய வருஷம்தான் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்திருந்தது. அரசுக் கல்லூரியில் இடம் பிடிக்கும் அளவுக்கு என் மார்க் இல்லை. தனியாரில் இடம் உண்டு, நன்கொடையும் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் சிறு தோட்டம். அதில் பாதியை விற்றால் நன்கொடை கட்டலாம். அம்மாவுக்கு அதுதான் ஆசை. அப்பா ஒன்றும் சொல்லாமல் மாமனைக் கூப்பிட்டு அனுப்பினார். மாமன் கோவையில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டர்னர். வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "தோட்டத்தை வித்துப் படிச்சு வந்தாலும் எங்க கம்பெனி வாசல்லதான் வந்து நிக்கணும் மாப்ள. இப்பவே வந்து நில்லு. காசாச்சும் குடுப்பான்."

மாமன் சொன்ன காசுக்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது. உதவித்தொகைதான். 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். பள்ளி முடித்து நேரே வருகிறவனுக்கு ஃபிட்டர் தொழிலில் மூன்று வருஷம். ஐடிஐயில் இரண்டு வருஷம் முடித்து வந்தால் ஒரு வருஷம் போதும். கடைசியில் அகில இந்தியத் தொழில் தேர்வு, தேசியச் சான்றிதழ். அதன் பிறகு அந்தக் கம்பெனி வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சேரும்போது இதை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. விளக்கியிருந்தாலும் சேர்ந்துதான் இருப்பேன். வேறு வழி என்ன இருந்தது?

முதல் சில மாதங்கள் அரம் போடுவதுதான் வேலை. ஐம்பது மில்லி சதுரத்தில் ஒரு மைல்ட் ஸ்டீல் துண்டைக் கொடுத்து, ஆறு முகத்தையும் தட்டையாக, ஒன்றுக்கொன்று செங்கோணமாக ஆக்கச் சொன்னார்கள். முதலில் பாஸ்டர்ட் அரம், பிறகு செகண்ட் கட், கடைசியில் ஸ்மூத். முன்னால் தள்ளும்போது அழுத்தம், பின்னால் இழுக்கும்போது சும்மா வர வேண்டும். இரண்டு கையும் ஒரே சமமாக அழுத்தினால் அரம் துண்டின் விளிம்பில் தலைசாய்ந்துவிடும். நடுவில் தொப்பை விழும். அரம் முன்னால் போகப்போக இடது கையின் பாரத்தைக் குறைத்து, வலது கையின் பாரத்தைக் கூட்ட வேண்டும். இதைச் சொல்லித் தர முடியாது. உள்ளங்கை காய்ப்புக் காய்த்த பிறகு ஒரு நாள் தானாக வரும். மென்மையான பரப்பு வேண்டுமானால் அரத்தின் பற்களில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்வோம், இரும்புத் தூள் பல்லுக்குள் அடைத்துக் கீறல் போடாமல் இருக்க.

மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சக் கீற்று எவ்வளவு கனம் என்று ஃபோர்மேன் கேட்பார். ஆரம்பத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லுவோம். அப்புறம் சர்ஃபேஸ் பிளேட்டில் ப்ரஷியன் ப்ளூ தடவி, துண்டை அதன்மேல் தேய்த்து, எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அது மேடு என்று பார்த்து, மேட்டை மட்டும் சுரண்ட வேண்டும். வெர்னியர் 0.02 மில்லி வரை காட்டும், மைக்ரோமீட்டர் 0.01 வரை. ஆனால் கருவியை எடுப்பதற்கு முன்னாலேயே விரல் நுனி சொல்ல ஆரம்பித்துவிடும், இது அதைவிடப் பெரியது என்று. நூறில் ஒரு மில்லி என்பது வெறும் எண்ணாக இல்லாமல் தொட்டுப் பார்க்கிற பொருளாக ஆவது அங்கேதான்.

எங்கள் ஃபோர்மேன் எட்டாவதைத் தாண்டாதவர். மோட்டாருக்குள் இருக்கிற ஸ்டாம்பிங் தகடு வெட்டும் டைகளில் அவரை மிஞ்ச பீளமேட்டிலிருந்து கணபதி வரை ஆள் இல்லை என்பார்கள். அரை மில்லி சிலிக்கான் ஸ்டீல் தகடு. மேலிருந்து இறங்கி அதை வெட்டும் பஞ்சுக்கும் அடியில் இருக்கும் டைக்கும் நடுவில் ஒரு பக்கத்துக்குத் தகட்டின் கனத்தில் ஐந்து சதவீதம், அதாவது 0.025 மில்லி இடைவெளி விட வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய அந்த இடைவெளி நாலா பக்கமும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். டை மழுங்கினால் தகட்டின் ஓரத்தில் பிசிறு எழும். ஃபோர்மேன் பிரஸ் அடிக்கிற சத்தத்தை அடுத்த பகுதியிலிருந்தே கேட்டு, "அதை நிறுத்து, சாணைக்கு அனுப்பு" என்பார். போய்த் தகட்டு ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் பிசிறு இருக்கும்.

பிசிறு இருந்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "மோட்டார் சுடும்" என்றார். ஏன் சுடும்? "சுடும்னா சுடும். போய் வேலையைப் பாரு."

அதற்கு விடை எனக்குக் கிடைத்தது ஏஎம்ஐஇ புத்தகத்தில். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் 1920இல் தொடங்கிய அமைப்பு. அது நடத்தும் ஏஎம்ஐஇ தேர்வின் ஏ, பி என்ற இரண்டு பிரிவுகளையும் முடித்தால் பொறியியல் பட்டத்துக்கு இணையாக அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. கல்லூரி வாசலை மிதிக்க வேண்டியதில்லை. டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குக் கோவையில் மாலைநேர பி.இ. இருந்தது, பிளஸ் டூவோடு நேரே அப்ரண்டிஸ் ஆன என்னைப் போன்றவனுக்கு அதுவும் எட்டாது. ஏஎம்ஐஇதான் கதி. கோடையில் ஒன்று, குளிர்காலத்தில் ஒன்று என வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. பகல் ஷிஃப்ட் முடிந்து சிங்காநல்லூர் அறையில் இரவு உட்கார்ந்து படிப்பேன். கூடச் சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கணக்குத் தாளிலேயே கழன்றுகொண்டார்கள். இங்கிலீஷ் ஒரு பக்கம், கால்குலஸ் ஒரு பக்கம். சொல்லித்தர ஆள் கிடையாது. அந்தத் தேர்வை எழுதி முடித்த யாரைப் பார்த்தாலும் இன்றைக்கும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும்.

அந்தப் புத்தகத்தில்தான் சுழல் மின்னோட்டம் பற்றிப் படித்தேன். மோட்டாரின் இரும்பை ஒரே கட்டியாக வைக்காமல் மெல்லிய தகடுகளாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மின்காப்புப் பூச்சு பூசுவது எதற்கு என்றால், இரும்புக்குள் சுற்றி ஓடுகிற அந்த வீண் மின்னோட்டத்தை ஒடுக்கத்தான். தகட்டின் கனத்தைப் பாதியாக்கினால் அந்த இழப்பு கால்வாசியாகும். பிசிறு என்ன செய்கிறது? பூச்சைக் குத்திக் கிழித்து, பக்கத்துத் தகட்டைத் தொட்டு, பல மெல்லிய தகடுகளைத் திரும்பவும் கனத்த கட்டியாக ஆக்குகிறது. அதனால் சுடுகிறது. அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வருஷக்கணக்காக நகத்தால் தடவிப் பார்த்த ஒரு பிசிறு, ஒரு சமன்பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. கல்லூரியில் முதலில் சமன்பாட்டைப் படித்துவிட்டுப் பிறகு பிசிறைப் பார்த்திருந்தால் எனக்கு இந்தப் பரவசம் வந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

இதை வைத்து, அனுபவம் இருந்தால் போதும், படிப்பு எதற்கு என்று பேச வருகிறவர்களோடு நான் சேர மாட்டேன். எங்கள் ஊரில் அப்படிப் பேசுவது ஒரு பெருமை. அதற்கு ஜி.டி. நாயுடுவைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பொறியியல் கல்லூரி அமையக் காரணமாக இருந்தவர். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷத்தில் முடிக்கலாம் என்று வாதாடி, அரசு ஒத்துக்கொள்ளாததால் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தக் கல்லூரி இன்றைய அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. அவிநாசி சாலையில் ஹோப் காலேஜ் என்ற பஸ் நிறுத்தத்தின் பெயர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நாலு வருஷத்தில் இரண்டு வீண் என்று அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்வேன். மிச்சம் இரண்டும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையே!

ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு வாடிக்கையாளர் புதிய ஸ்டேட்டர் ஸ்டாம்பிங்குக்கு டை கேட்டார். எந்த பிரஸ்ஸில் ஓட்டுவது? ஃபோர்மேன் தகட்டின் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்பது டன்ல போடு, கண்ணை மூடிட்டு" என்றார். நான் கணக்குப் போட்டேன். வெளி வட்டம் 150 மில்லி விட்டம், உள் வட்டம் 80, இருபத்துநாலு ஸ்லாட், ஒவ்வொன்றின் சுற்றளவும் சுமார் 40 மில்லி. மொத்த வெட்டு நீளம் 1,680 மில்லி சொச்சம். அதை அரை மில்லி கனத்தால் பெருக்கி, சதுர மில்லிக்கு 350 நியூட்டன் வெட்டு வலிமையால் பெருக்கினால் ஏறக்குறைய முப்பது டன் வருகிறது. தகட்டை பஞ்சிலிருந்து உரித்தெடுக்கும் விசை, மழுங்கல் எல்லாவற்றுக்கும் தாராளமாகக் கூட்டினால் ஐம்பது டன் பிரஸ்தான் பத்திரம். ஃபோர்மேன் சொன்னது அச்சொட்டாகச் சரி!

ஆனால் வாடிக்கையாளரின் இன்ஜினியர் அடுத்த கேள்வி கேட்டார்: எங்களிடம் இருப்பது நாற்பது டன் பிரஸ்தான், அதில் ஓட்டும்படி டையை மாற்ற முடியுமா? ஃபோர்மேன் முடியாது என்று எழுந்துவிட்டார். அவர் அதுவரை செய்ததில்லை, அவ்வளவுதான். எல்லா பஞ்சும் ஒரே நொடியில் தகட்டைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. சிலவற்றைத் தகட்டின் கனம் அளவுக்குக் குட்டையாக்கினால் முதல் கூட்டம் வெட்டி முடித்த பிறகே அடுத்தது வெட்ட ஆரம்பிக்கும், உச்ச விசை இறங்கிவிடும். எதை எவ்வளவு குட்டையாக்குவது, பாரம் ஒரு பக்கமாகச் சாயாமல் எப்படிப் பிரிப்பது என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அந்த டை நாற்பது டன்னில் ஓடியது. பார்த்ததை வைத்துச் சொல்வதில் ஃபோர்மேனை வெல்ல முடியாது. பார்க்காததைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் கணக்கு வேண்டியிருக்கிறது.

பிறகு நான் டூல் ரூமுக்குப் பொறுப்பானபோது இரண்டு வாசல் வழியாகவும் ஆட்கள் வந்தார்கள். பி.இ. முடித்த பயிற்சி இன்ஜினியர்கள் ஒரு வாசல். ஐடிஐ, பத்தாவது, பிளஸ் டூ முடித்த அப்ரண்டிஸ்கள் இன்னொரு வாசல். சாணை மெஷினிலிருந்து எடுத்த வேலையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உடனே மைக்ரோமீட்டர் வைத்து அளப்பார்கள் இன்ஜினியர் பிள்ளைகள். எஃகு நூறு மில்லி நீளத்துக்குப் பத்து டிகிரி சூடேறினால் நூறில் ஒரு மில்லிக்கும் சற்று அதிகமாக நீளும். எங்கள் வேலையில் அனுமதிக்கிற பிழையே அவ்வளவுதான். அந்த விரிவுக் கெழுவைத் தேர்வில் கேட்டால் தூக்கத்தில்கூட எழுதுவார்கள். ஆனால் அந்தக் கெழு தங்கள் உள்ளங்கைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்கு உறைக்காது. அப்ரண்டிஸ் பையன் வேலையை சர்ஃபேஸ் பிளேட் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவான், "ஆறட்டும்" என்று திட்டு வாங்கிய பழக்கத்தில்.

இன்ஜினியர் பையனை அரத்தோடு ஆறு மாதம் விட்டால் அவனும் கற்றுக்கொள்வான். புத்தியில் குறை ஒன்றும் இல்லை. விட மாட்டார்கள் என்பதுதான் பிரச்சினை. அவனுக்குக் கம்பெனி கொடுக்கிற சம்பளத்துக்கு அவன் சேர்ந்த மாதமே ரிப்போர்ட் எழுத வேண்டும், ஃபாலோ-அப் பண்ண வேண்டும், மீட்டிங்கில் உட்கார வேண்டும். அவனுக்கும் இருபத்திரண்டு வயதில் வைஸ் முன்னால் நின்று பதினேழு வயதுப் பையனிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளக் கூச்சம். கை பழகுவதற்கு என்று வாழ்க்கையில் ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பருவத்தில் தப்பாகச் செய்தால் திட்டுவார்கள், ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அது போய்விட்டால் திரும்பக் கேட்டு வாங்குவது கஷ்டம். கணக்கை முப்பது வயதிலும் படிக்கலாம். தூக்கம் கெடும், கண் எரியும், குழந்தை அழும், ஆனாலும் படிக்கலாம்.

திண்ணைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்கிற வார்த்தை இதுதான்: கை முந்தி. கணக்கு வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இப்போதெல்லாம் அரம் யார் சார் போடுகிறார்கள், வயர் கட் வந்துவிட்டதே என்று எதிர்க்கேள்வி வரும். உண்மை. நாங்கள் வாரக்கணக்கில் அரத்தால் இழைத்த டை ஓட்டையை, மெல்லிய பித்தளைக் கம்பியில் மின்பொறி விட்டு ஒரே இரவில் அறுத்துக் கொடுத்துவிடுகிறது அந்த மெஷின். கடினப்படுத்திய எஃகையே அறுப்பதால், ஆயிரம் டிகிரியைத் தாண்டிய உலையில் டை கோணிக்கொள்ளுமே என்ற பழைய பயமும் குறைந்தது. ஆனால் மெஷின் அறுத்த இரண்டு பாகத்தைப் பொருத்தும்போது எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னமும் விரல்தான். அரம் போட்ட பையன் புரோகிராம் எழுதினால் அதில் ஒரு பயம் இருக்கும். அந்தப் பயம் இல்லாத புரோகிராமால் டை உடைந்து பார்த்திருக்கிறேன்.

இந்த வழியில் கசப்பு இல்லாமல் இல்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் "மாப்ள என்ன பண்றாரு?" என்று கேட்பார்கள். "டூல் அண்ட் டை மேக்கர்" என்றால் "ஓ, லேத்துப் பட்டறைங்களா" என்று பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ஏஎம்ஐஇ முடிக்கும் வரை சூப்பர்வைசர் என்பதே எனக்கு உச்சாணிக் கிளை. என்னைவிடக் கை சுத்தமான இரண்டு பேர், அந்தத் தேர்வைத் தாண்ட முடியாததால், நான் கையெழுத்துப் போட்ட டிராயிங்கைப் பார்த்து வேலை செய்து ரிட்டையர் ஆனார்கள். அதில் ஒருவர் எனக்குச் சாணை பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர்.

இன்னொரு பெரிய கசப்பு, நான் ஏறி வந்த ஏணியையே எடுத்துவிட்டார்கள். 2013 மே 31க்குள் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே ஏஎம்ஐஇ பட்டத்துக்கு இணை என்று மத்திய அரசு வரையறுத்துவிட்டது. இன்றைக்கு என் மாதிரி ஒரு பையன் அந்த வழியாக வர முடியாது. அதற்கு ஈடாக வேறு வழிகள் முளைத்திருக்கின்றன. ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்தவன் பி.இ.யில் நேரே இரண்டாம் வருஷம். பணியில் இருப்பவர்களுக்காக நேரம் வளைந்து கொடுக்கும் வகுப்புகளை ஏஐசிடிஇ அனுமதிக்கிறது. பட்டப்படிப்புக்குள்ளேயே அப்ரண்டிஸ் பயிற்சியை வைக்க யுஜிசி 2020இல் வழிமுறை வெளியிட்டது. பி.இ. முடித்தவர்களுக்கும் ஒரு வருஷ அப்ரண்டிஸ் உண்டு. தெற்கு மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பட்டம் வாங்கியவனும் கடைசியில் அப்ரண்டிஸாக வந்து நிற்கிறான். மாமன் அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னதைத்தான் சட்டம் சுற்றி வளைத்துச் சொல்கிறது.

2019 விதிகளின்படி அப்ரண்டிஸ் உதவித்தொகை படிப்புக்கு ஏற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சமாக நிர்ணயிக்கப்பட்டது. பெரிய தொகை இல்லை. அப்ரண்டிஸ் என்ற பெயரில் ஆளை எடுத்து, உற்பத்தி லைனில் ஒரே திருகைத் திருக வைத்து, வருஷம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை எடுக்கிற இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே போவதைவிட எந்தக் கல்லூரியிலாவது சேர்ந்துவிடலாம் என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

போன வருஷம் எங்கள் தெரு அம்மா ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க். ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு டூல் ரூமில் அப்ரண்டிஸ் இடம் வந்திருக்கிறது, சென்னையில் ஒரு கல்லூரியிலும் இடம் வந்திருக்கிறது. அம்மாவுக்குச் சென்னை. மகளுக்கு மெஷின். "அங்கிள், வயர் கட்ல என்னை விடுவாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். முதல் ஆறு மாதம் விட மாட்டார்கள், அரம்தான் என்றேன். முகம் சுருங்கவில்லை.

"நீ நேரா போய் மூணு விஷயம் கேட்டுட்டு வா அம்மிணி" என்றேன். "ட்ரெய்னிங்குக்குன்னு தனி செக்ஷன் இருக்குதா, இல்ல லைன்ல நிறுத்துவாங்களான்னு கேளு. லாக் புக்ல கையெழுத்துப் போடறது யாருன்னு கேளு; அவரைப் பாக்கணும்னு சொல்லு. அப்புறம், ரெண்டு வருஷம் கழிச்சு நீ சாயங்கால கிளாஸ் போனா பகல் ஷிஃப்ட்லயே வெச்சுக்குவாங்களான்னு கேளு. சரின்னு சொன்னா எழுதிக் குடுக்கச் சொல்லு. மூணுக்கும் பதில் வந்தப்புறம் சென்னைக் காலேஜைப் பத்திப் பேசலாம்."